படிவத்தில் இல்லாத பன்னிரண்டு நிமிடங்கள்

அந்தப் பெரிய மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில் அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. யார் வாயிலும் அது வராது. எல்லோருக்கும் அவள் 'இன்னொண்ணு'. நோயாளிக்கு எடுக்க வேண்டிய படங்களையெல்லாம் எடுத்து முடித்து, உதவியாளர் எழுந்து கதவைத் திறக்கப் போகும் சமயம் பார்த்து, "இரு இரு, இன்னொண்ணு எடுத்துக்கிறேன்" என்பாள். வெளியே வரிசை வாசலைத் தாண்டி லிஃப்ட் வரைக்கும் நிற்கும். உதவியாளர் தலையில் கை வைத்துக்கொண்டு மறுபடி உட்காருவார். கிண்டலாக யாரோ வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளும் சண்டைக்குப் போகவில்லை. "கூப்பிட்டா திரும்பிப் பார்க்கணும், பேருக்கு அதுதானே வேலை" என்று விட்டுவிட்டாள்.

வயது நாற்பத்து நான்கு. ஆள் குள்ளம். தோள்பட்டைகளுக்குக் கீழே, உடுப்புக்குள் யாரோ முழங்கையை மடித்து வைத்த மாதிரி முதுகில் ஒரு புடைப்பு. அதை மறைக்க அவள் ஒருநாளும் எதையும் போர்த்திக்கொண்டதில்லை. புதிதாக வருகிறவர்கள் பார்வையை அங்கே வைத்துவிட்டுச் சட்டென்று எடுப்பார்கள். "பார்த்துக்கோங்க, பார்த்துக்கோங்க. டிபி பண்ணின வேலை. நான் ஒண்ணும் திருடிட்டு வந்து ஒளிச்சு வைக்கல" என்பாள்.

அது வந்தபோது அவளுக்குப் பதினான்கு வயது. நடு முதுகில் வலி, சாயங்காலமானால் லேசான காய்ச்சல். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு சுத்தமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். முதுகெலும்பில் காசநோய் உட்கார்ந்தால், எலும்பு பாதி கரைந்த பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் அதன் நிழல் விழும். இதை அவள் வீட்டாரிடம் ஒருவரும் சொல்லவில்லை. "பரீட்சைக்குப் பயந்துகிட்டு நடிக்கிறா" என்றார் அப்பா. அம்மா பாதி நம்பினாள், பாதி நம்பவில்லை. ஏழு மாதம் அப்படியே ஓடியது. ஒருநாள் முதுகு தேய்த்துவிடும்போது அம்மாவின் கை ஓர் எலும்பில் இடறி நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் இரண்டாவது படம். அதில் இரண்டு முள்ளெலும்புகள் நொறுங்கி ஒன்றுக்குள் ஒன்று சரிந்திருந்தன. ஒன்றரை வருடம் மாத்திரை, அதில் எட்டு மாதம் மாவுக்கட்டு. நோய் போய்விட்டது. வளைவு தங்கிவிட்டது.

படம் எடுக்கும் படிப்பில் சேரப் போனபோது, தேர்வுக் குழுவில் இருந்த ஒருவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நோயாளியைத் தூக்கி மேஜையில படுக்க வைக்கணும்மா. இந்த முதுகோட முடியுமா?" என்று கேட்டார். அவள் அறையின் மூலையில் கிடந்த தள்ளுவண்டியை இழுத்து வந்தாள். "நீங்க இதுல படுங்க சார்" என்றாள். மனுஷன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். அவள் நகரவில்லை. கடைசியில் அலுவலக எழுத்தர் ஒருவர், நல்ல கனமான ஆள், தானாகவே முன்வந்து படுத்தார். அவருக்கு அடியில் விரிப்பைச் செருகி, இரண்டு முனைகளையும் மணிக்கட்டில் சுற்றி, ஒரே இழுப்பில் பக்கத்து மேஜைக்கு மாற்றினாள். எழுத்தருடைய மூக்குக்கண்ணாடிகூட அசையவில்லை. இடம் கிடைத்தது.

இருபது வருடத்தில் எக்ஸ்ரேயிலிருந்து சி.டி.க்கும், அங்கிருந்து எம்.ஆர்.ஐ.க்கும் வந்து சேர்ந்திருந்தாள். படம் எடுப்பது அவள் வேலை. படத்தைப் படித்து இன்ன நோய் என்று எழுதுவது டாக்டர் வேலை. நடுவில் இருக்கும் கோட்டை அவள் நன்றாக அறிவாள். அந்தக் கோட்டின்மேல் நின்றுகொண்டு எட்டிப் பார்க்கிற வழக்கமும் அவளுக்கு உண்டு.

ரொட்டி வேன் ஓட்டும் பெண் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில். முப்பத்தொரு வயது. பேக்கரியிலிருந்து கடை கடையாக ரொட்டி கொண்டுபோய்ப் போடுகிறவள். சக்கர நாற்காலியில் வைத்து அவள் அண்ணன் தள்ளிக்கொண்டு வந்தார். மூன்று மாதமாக முதுகுவலி, பத்து நாளாக இடது கால் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. செருப்பு கழன்று விழுந்தால் நாலு அடி தள்ளிப் போய்த்தான் தெரிகிறதாம். வெளியில் ஓரிடத்தில் எடுத்த முதுகு ஸ்கேனை இங்கே ஸ்கேன் பிரிவின் துறைத் தலைவரும் பார்த்து, எங்கிருந்தோ கேன்சர் எலும்புக்குப் பரவியிருக்கிறது என்று எழுதியிருந்தார். வியாழக்கிழமை கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு, நாள் குறித்தாயிற்று. அதற்கு முன்னால் மூளைக்கும் பரவியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். படிவத்தில் 'தலை மட்டும்' என்று இருந்தது.

"உடம்புல இரும்பு ஏதாவது இருக்கா? மோதிரம், ஊக்கு, சாவி?"

வேன்காரி இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்து, அண்ணன் நீட்டிய கையைத் தாண்டி இன்னொண்ணுவின் கையில் வைத்தாள். "நீங்களே வச்சிருங்கக்கா. இவன்கிட்ட குடுத்தா நான் உள்ள போயிட்டு வர்றதுக்குள்ள வேனை வித்துடுவான்."

"இவ இப்படித்தாங்க" என்றார் அண்ணன். தங்கைக்குக் கேட்காமல் கிட்டே வந்து, "கேன்சர்னு அவகிட்ட சொல்லல. நீங்களும் சொல்லிடாதீங்க" என்றார்.

"எல்லாம் எனக்குத் தெரியும்" என்று நாற்காலியிலிருந்து பதில் வந்தது. "என் முதுகைப் பத்தி என் முதுகுக்குப் பின்னாலயே பேசுறீங்க."

படுக்க வைக்கும்போது தலையணையை வேன்காரி வலப்பக்கம் ஒதுக்கினாள். காதுக்கு மேலே, முடிக்குள், பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். வேனின் பின்கதவில் இடித்துக்கொண்டது என்றாள். எப்போது என்று கேட்டால் இரண்டு மாதம் ஆகிறதாம். இன்னொண்ணு விரலால் தொட்டுப் பார்த்தாள். வலியில்லை, சூடில்லை. மெத்தென்று இருந்தது. அடிபட்ட வீக்கம் இரண்டு மாதம் இப்படி உட்கார்ந்திருக்காது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து படங்களை ஓட விட்டாள். மூளை சுத்தமாக இருந்தது. அந்த வீக்கத்துக்கு அடியில் மண்டை ஓட்டில் மட்டும், காசு வைத்து வெட்டியெடுத்த மாதிரி ஓர் ஓட்டை. அடுத்து, நோயுள்ள இடத்தை வெள்ளையாகத் துலக்கிக் காட்டும் மருந்தைக் கை நரம்பில் ஏற்றி மறுபடி எடுத்தாள். கேன்சர் கட்டியென்றால் பெரும்பாலும் உள்ளேயும் சேர்ந்து வெளுக்கும். இங்கே ஓரம் மட்டும் மெல்லிய வளையமாக வெளுத்தது. நடுவில் கறுப்பாக, குழம்பாக ஏதோ ஒன்று. எலும்புக்கு வெளியே ஒரு பை, உள்ளே ஒரு பை, இரண்டையும் சேர்க்கிற அந்த ஓட்டை.

இப்படி ஒன்றை அவள் வேலைக்கு வந்த நாளாக ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தாள். அது மண்டை ஓட்டில் வந்த காசநோய். எலும்பு டிபியே குறைவு, மண்டையில் வருவது அதிலும் அபூர்வம். அப்படியானால் முதுகில் இருப்பது எது?

முதுகைப் பார்க்கப் படிவத்தில் இடமில்லை. மருந்து ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது, இன்னும் கொஞ்ச நேரம்தான் நிற்கும். உதவியாளர் எழுந்து கதவுப் பக்கம் போனார்.

"உட்காரு" என்றாள். உதவியாளர் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், உட்கார்ந்தார்.

இன்னொண்ணு மைக்கை அழுத்தினாள். "இன்னும் பன்னெண்டு நிமிஷம் அசையாம படுத்துக்க முடியுமா? முதுகையும் எடுக்கணும். டாக்டர் எழுதல. நானாத்தான் கேக்குறேன்."

"எதுக்குக்கா?"

"ஒரு சந்தேகம்."

"நல்ல சந்தேகமா, கெட்ட சந்தேகமா?"

"எடுத்தாத்தான் தெரியும்."

ஸ்கேன் குழாய்க்குள்ளிருந்து குரல் வந்தது: "எடுங்க. சாவி பத்திரம்."

எடுத்தாள். முள்ளெலும்புகளின் முன்பக்கமாக, மெல்லிய சுவருள்ள நீளமான ஒரு பை நாலைந்து எலும்புகளைத் தொட்டுக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. மருந்து போடாமல் எடுத்த பழைய ஸ்கேனில் அது எலும்போடு எலும்பாகக் கலந்து தெரியாமல் போயிருந்தது. எலும்புகளுக்கு நடுவில் உள்ள வட்டுகள் கெடவில்லை. அதை வைத்துத்தான் கேன்சர் என்று முடிவு செய்திருக்க வேண்டும். ஆனால் டிபியும் சில சமயம் வட்டை விட்டுவைக்கும். அவள் எழுந்து நேராகத் துறைத் தலைவரின் அறைக்குப் போனாள்.

துறைத் தலைவர் கெட்டவர் இல்லை. ஒரு நாளைக்கு நூறு படம் படிக்கிறவர், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு மூடுகிறவர். அவள் விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"யார் எடுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். தலையில பார்த்தது டிபி மாதிரி இருந்துது. அதான் முதுகையும்—"

"மாதிரி! போன வருஷம் அந்த வாத்தியாருக்கும் 'மாதிரி'ன்னுதான் சொன்ன. ஊசி போட்டு உள்ள இருக்கிறதை எடுத்துப் பார்க்கணும்னு ஒரு வாரம் எல்லாரையும் இழுத்தடிச்ச. கடைசியில என்ன வந்துது?"

"கேன்சர்."

"அந்த ஒரு வாரத்துல அவருக்கு ரெண்டு காலும் போச்சு. ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. அந்த வாத்தியார் படுக்கையில் கிடந்துகொண்டே, சுவரில் மாட்டியிருந்த அறிவிப்பில் ஓர் எழுத்துப்பிழையைக் காட்டித் திருத்தச் சொன்னவர். அவருடைய சாவுக்கு அவள் போனாள். வாசலோடு நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். பல நாள் தூக்கமில்லை.

"இருக்கு சார். அன்னிக்கு நான் சொன்னது தப்பு. அதுக்காக இன்னிக்குக் கண்ணால பார்த்ததைப் பார்க்கலன்னு சொல்லணுமா? தலையில தோலுக்கு அடியிலயே இருக்கு. ஊசி வச்சு உறிஞ்ச அஞ்சு நிமிஷம். வியாழக்கிழமை தள்ளிப்போகாது."

"உன் வேலை பட்டனை அழுத்துறது."

"அதைத்தான் சார் பன்னெண்டு நிமிஷம் கூட அழுத்தினேன்."

அவர் முகம் சிவந்தது. "போ. விளக்கம் கேட்டு மெமோ வரும், வாங்கிக்கோ" என்று அடுத்த படத்துக்குத் திரும்பிவிட்டார். அவள் எடுத்த முதுகுப் படங்களை அவர் திறக்கவே இல்லை.

சாவியைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் அவள் வேன்காரியின் பக்கத்தில் குந்தினாள். "என்ன நோய்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. ஒண்ணு மட்டும் சொல்றேன். இதுவரைக்கும் ஒருத்தரும் உன் உடம்புலேருந்து ஒரு துளிகூட எடுத்துச் சோதிக்கல. படத்தைப் பார்த்து எழுதியிருக்காங்க. கரண்ட் வைக்க உன் கையெழுத்து வேணும். போடறதுக்கு முன்னாடி நீ கேள்வி கேக்கலாம்."

அடுத்த நாள் சாப்பாட்டு வேளையில் புற்றுநோய் வார்டு பக்கம் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. உள்ளே நுழையும்போதே சத்தம் கேட்டது.

"ஊசி போட்டுப் பார்க்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று வேன்காரி சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வார்டு டாக்டரம்மா ஒப்புதல் தாளோடு நின்றார். அண்ணன் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"நேரம் போகப்போக உன் கால்தான்மா போகும்" என்றார் டாக்டரம்மா.

"அதுக்குத்தான் சீக்கிரம் போடுங்கன்னு சொல்றேன். தலையிலேயே துருத்திக்கிட்டு நிக்குது. ரொட்டி வெந்திருக்கான்னு பார்க்கவே நாங்க ஒண்ணைப் பிட்டுப் பார்ப்போம். நீங்க என்னடான்னா ஆளையே முழுசா முடிவு கட்டிட்டீங்க."

"யார் இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"என் தலை, எனக்கே தோணுச்சு."

வாசலில் நின்றவளுக்கு அப்படியே நழுவிவிடலாம் என்று ஒரு கணம் இருந்தது. மெமோ ஏற்கெனவே பையில் கிடந்தது. அவள் உள்ளே வந்தாள். "நான்தான் டாக்டர் சொன்னேன். முதுகுப் படமும் கூடுதலா எடுத்திருக்கேன். ஒருதடவை பாருங்க."

டாக்டரம்மா அவளை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார். ஆனாலும் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, முடியை விலக்கி, இரண்டு விரலால் வீக்கத்தை மாறி மாறி அழுத்தினார். உள்ளே திரவம் அலைவது விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நர்ஸிடம் ஊசி கேட்டார். ஓரமாகக் குத்தி மெதுவாக இழுத்தார். சிரிஞ்சுக்குள் மஞ்சளாக, கெட்டியாக, கட்டி தட்டிய சீழ் ஏறியது.

டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வேன்காரி, "என்ன, ரொட்டி வேகலையா?" என்று கேட்டாள்.

கிருமியைக் கண்டுபிடிக்கும் மெஷின் அன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லிவிட்டது. காசநோய்க் கிருமிதான். முக்கியமான மருந்துக்குக் கட்டுப்படுகிற கிருமி. வியாழக்கிழமை வைக்கவிருந்த கரண்ட் ரத்தானது. அன்றே மாத்திரை தொடங்கியது. அந்த வாரக் கடைசியில் முதுகிலிருந்த சீழையும் அறுவைச் சிகிச்சை செய்து வெளியேற்றினார்கள்.

அண்ணன் முதலில் அழுதார். அப்புறம் வராந்தாவில் இன்னொண்ணுவைத் தேடிப் பிடித்து, "டிபின்னா வெளியில எப்படிங்க சொல்றது? கேன்சர்னாகூட நாலு பேர் பாவம்னு வருவாங்க. டிபின்னா தள்ளி நிப்பாங்களே" என்றார்.

"இவ நுரையீரல் சுத்தமா இருக்குன்னு படம் எடுத்தாச்சு. எலும்புல இருக்கிறது இருமினா ஒட்டாது. என் முதுகைப் பாருங்க. முப்பது வருஷமா இதோட ஊருக்குள்ளதான் சுத்துறேன், யாருக்கு ஒட்டுச்சு?"

படுக்கையிலிருந்து வேன்காரி கத்தினாள்: "வேன்ல மைக் கட்டிச் சொல்றேன் இருடா நீ!"

மெமோவுக்கு ஏழு நாளில் பதில் தர வேண்டும். அவள் கணவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். சாப்பாட்டு மேஜையில் அவள் எழுதியதை வாங்கிப் படித்தார். 'ஆம், அனுமதியில்லாமல் எடுத்தேன். நோயாளியைக் கேட்டுத்தான் எடுத்தேன். இதே மாதிரி படம் மறுபடி கண்ணில் பட்டால் மறுபடியும் எடுப்பேன்' என்று முடிந்திருந்தது.

"கடைசி வாக்கியத்துக்குப் பதிலா, 'இனி இவ்வாறு நிகழாது'ன்னு போட்டா பிரச்சினை முடிஞ்சிடும்" என்றார்.

"ஏங்க, ஒற்றுப்பிழை இருந்தா திருத்துங்க. என்னைத் திருத்தாதீங்க."

அவர் சிரித்துக்கொண்டே ஒரே ஒரு 'ப்' போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மூன்று பேர் குழு விசாரித்தது. வந்தது டிபி என்பது அங்கே பேச்சே இல்லை. வரம்பு மீறினாயா, நோயாளியிடம் பேசினாயா என்பதுதான் கேள்வி. மன்னிப்பு என்ற ஒரு சொல் எழுதினால் போதும் என்று தலைமை எழுத்தர் காதோடு சொல்லிப் பார்த்தார். "வாத்தியார் வீட்டுக்குப் போய்க் கேக்கச் சொல்லுங்க, கேக்குறேன். இதுக்குக் கேக்க மாட்டேன்" என்றாள். வெளிநோயாளிகள் கட்டடத்தின் பின்பக்கம், கழிவறைக்குப் பக்கத்தில் இருந்த பழைய எக்ஸ்ரே அறைக்கு அவளை மாற்றினார்கள். நாள் முழுக்க நெஞ்சுப் படம். மூச்சை இழு, பிடி, விடு.

அங்கேயும் சும்மா இருந்தாளா? நெஞ்சுப் படத்துக்கு வந்து முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களை, திரும்ப டாக்டரிடமே அனுப்பி முதுகுப் படத்துக்கும் எழுதி வாங்கி வரச் சொன்னாள். எரிச்சலில் டாக்டர்களும் எழுதித் தள்ளினார்கள்.

எட்டாவது மாதம் ஸ்கேன் பிரிவு உதவியாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "கழுத்து எலும்புல ஒரு கேஸ். பெரிய சார் உங்களைக் கொஞ்சம் வந்து பார்த்துட்டுப் போகச் சொன்னார்."

"வாயால சொன்னாரா, எழுத்துல குடுத்தாரா?"

"வாயாலதான்."

"மெமோவை மட்டும் எழுத்துல குடுக்கத் தெரிஞ்சுது இல்ல?" என்றாள். ஆனால் எழுந்து போனாள். நோயாளி என்ன பாவம் செய்தான். துறைத் தலைவர் திரையைப் பார்த்தபடியே நாற்காலியைக் காலால் இவள் பக்கம் தள்ளினார். மருந்து போட்ட படம், முழு முதுகும் எடுத்திருந்தார்கள். "நோய் எங்கேருந்து தொடங்குச்சுன்னு தெரியாம எலும்புல இப்படி வந்தா முழு முதுகையும் எடுக்கணும், ஊசி பரிசோதனை இல்லாம சிகிச்சை கூடாதுன்னு போன மாசமே சுற்றறிக்கை விட்டுட்டேன்" என்றார். மன்னிப்பும் இல்லை, நன்றியும் இல்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. படங்களை இரண்டு தடவை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாள்.

"இது டிபி இல்ல சார். எனக்கு அப்படித்தான் தோணுது."

"எனக்கும்" என்றார் அவர்.

அடுத்த வாரம் எழுத்திலேயே ஆணை வந்தது, பழைய இடத்துக்கே திரும்பச் சொல்லி.

வேன்காரி பதினெட்டு மாதமும் மாத்திரையை விடாமல் சாப்பிட்டாள். இடுப்புப் பட்டையோடு நடந்தாள், பிறகு பட்டை இல்லாமல் நடந்தாள். இடது காலில் இரண்டு விரலுக்கு இன்னும் முழு உணர்ச்சி வரவில்லை. இனி வராது என்றும் சொல்லிவிட்டார்கள். வேனை ஓட்டக் கூடாது என்று அண்ணன் ஒரு பக்கம், டாக்டர் இன்னொரு பக்கம். அவள் ஓட்டுநர் தேர்வு நடத்துகிற இடத்துக்குப் போய், எல்லோருக்கும் முன்னால் மறுபடி தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டித் தேறினாள். கிளட்சை அழுத்துவது அந்த இடது கால்தான். செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்காலால் அழுத்தம் பார்த்து ஓட்டுகிறாள். மருத்துவமனை உணவகத்துக்கும் அவள்தான் இப்போது ரொட்டி போடுகிறாள். காலையில் வண்டியைப் பின்வாசலில் நிறுத்தி, ஸ்கேன் பிரிவின் ஜன்னல் வரைக்கும் கேட்கிற மாதிரி இரண்டு தடவை ஹாரன் அடிப்பாள். ஹாரன் அடிக்கக் கூடாது என்று அங்கே பலகை வைத்திருக்கிறார்கள்.